வெந்நீரில் முக்கிய குச்சிகள்

ஜூன் 24, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். மேற்கே மலை தெரியவில்லை. துணி காயாது. சிறுவாணித் தண்ணீர் வந்தது, தொட்டி பாதி நிறையும் முன்பே நின்றுவிட்டது. முழங்கால் வலி.

எதிர் வீட்டு ருக்மணி வந்தாள். (முழுப் பெயரையும் எழுத மனமில்லை. இனி ரு.) கேட்டுக்கு வெளியே நின்று, தலையைச் சாய்த்து, அதே சிரிப்பு.

"ஏனுங்க்கா, நல்லாருக்கீங்ளா? உங்க செம்பருத்தியப் பாத்தா கண்ணெடுக்க முடியறதில்லீங்க. ஒரே ஒரு குச்சி குடுத்தீங்கன்னா நம்மூட்டு முன்னாடியும் வெச்சுக்கலாமுங்க."

"போன தடவ குடுத்தேனேங்க, என்னாச்சு?"

"வல்லீங்க்கா. உங்களாட்டக் கை ராசி நம்முளுக்கு இல்லீங்களே."

கை ராசியாம். சிரிப்பை அடக்க எனக்குத் தெரியும். மில் ஆபீஸில் மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்து டைப் அடித்தே அடக்கப் பழகியவள்.

இந்த ஊரில் யாரும் யாரையும் இல்லை என்று சொல்லி அனுப்புவதில்லை. கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். நானும் இந்த ஊர்க்காரிதான். "அதுக்கென்னங்க, இருங்க, எடுத்தாறேன்" என்றேன். பென்சில் கனத்தில் நல்ல குச்சியாகத்தான் வெட்டினேன். உள்ளே போனேன். காபிக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. குச்சியின் அடியை அதில் முக்கினேன். நூறு எண்ணுகிற நேரம். எடுத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, ஈரப் பேப்பரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு நீட்டினேன்.

"நிழல்ல வெச்சு நடுங்க. தெனம் தண்ணி ஊத்தாதீங்க. ஒரு மாசம் தொடாதீங்க."

"ரொம்ப சந்தோசமுங்க்கா."

எனக்கும்.

வெந்நீர் பட்ட குச்சி உடனே சாகாது. பச்சையாகவே நிற்கும். சில சமயம் ஒரு மொட்டுக்கூட விடும். நட்டவள் நம்பிக்கையோடு தண்ணீர் ஊற்றுவாள். பிறகு ஒரு நாள் அடி கறுத்து, தொட்டால் கையோடு வரும்.

ஜூன் 27, வெள்ளி

காற்று ஆரம்பம். ஆடிக் காற்று இந்த முறை முன்கூட்டியே. காலை வெண்பொங்கல், மிளகு அதிகம்.

கவாத்து செய்தேன். ஒவ்வொரு வருடமும் காற்றுக்கு முன் செய்வது. வெட்டிய கிளைகளையெல்லாம் இவர் சாக்கில் கட்டி ஸ்கூட்டரில் கொண்டுபோனார். பள்ளத்தில் கொட்டிக் கொளுத்தச் சொல்லி அனுப்பினேன். சும்மா கொட்டினால் எவளாவது பொறுக்கிக்கொண்டு போய் நடுவாள். இவர் திரும்பி வர ஏன் இவ்வளவு நேரம்? பெட்ரோல் போட்டாராம். லேத் பட்டறையை மூடியதிலிருந்து இவருக்கு எல்லா வேலையும் நீளும்.

முக்கு வீட்டு பேபி வந்தாள், ஜாக்கெட் தைத்துக் கொடுக்க. கை இடுக்கில் பிடிக்கிறது. சொன்னேன். "பிரிச்சுத் தாறேனுங்க்கா" என்றவள், போகிற போக்கில், "கவாத்துப் பண்ணிட்டீங்ளா, ஒரு குச்சி இருந்தா..."

அவளுக்கும் வெந்நீர். ஜாக்கெட்டுக்காக இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம்.

இதுவரை வெந்நீர் வாங்கியவர்கள்:
– ரு. (எத்தனையோ முறை)
– பேபி
– பிள்ளையார் கோயில் பக்கத்து மாடி வீட்டம்மா
– குடியிருப்போர் சங்கச் செயலாளர் பெண்டாட்டி (இவளுக்கு அடியையும் நுனியையும்)
– சென்னிமலைத் தங்கச்சி

கடைசிப் பெயருக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தல். கொஞ்சம்தான். அவள் கொண்டுவந்த பெட்ஷீட் முதல் சலவையிலேயே சாயம் போயிற்று.

ஜூன் 30, திங்கள்

தெருவில் குழாய் பதிக்கத் தோண்டுகிறார்கள். எங்கள் காம்பவுண்டு ஓரமாகவே பள்ளம். "வேரு இருக்குதுங்க, பாத்துத் தோண்டுங்க" என்றேன். மெஷின் ஓட்டுபவன் காதில் ஒயர். பாட்டுக் கேட்கிறான்.

ரு. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். ஆறுதலாம். இவள் வீட்டு வாசலை மிதித்து வருடங்களாயிற்று. மகன் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையை பேபியிடம் கொடுத்து அனுப்பினாள். எதிர் வீடு. பத்தடி நடக்க முடியவில்லை. போகவில்லை நான். மொய் மட்டும் இவர் கையில்.

ஜூலை 3, வியாழன்

மழை. பள்ளத்தை மூடாமல் போய்விட்டார்கள். தண்ணீர் குளமாக நிற்கிறது. செடியின் அடி இலைகள் மஞ்சள். கவாத்துக்குப் பிறகு வரவேண்டிய துளிரும் இல்லை.

வாளியால் இறைத்தேன். மறுபடி நிறைகிறது. இவரைக் கூப்பிட்டேன். "வாரேன் வாரேன்" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

ஜூலை 8, செவ்வாய்

மண் ஈரம், ஆனால் இலை வாடுகிறது. அடிப்பட்டையை நகத்தால் உரித்தேன். வழவழவென்று வந்தது. நாற்றம். வேர் அழுகிவிட்டது. இது பிழைக்காது.

எழுதி வைக்கிறேன், யாரிடமும் சொல்லப்போவதில்லை: உட்கார்ந்து அழுதேன்.

சந்தன நிறம், நடுவில் அரக்குச் சிவப்பு, உள்ளங்கை நிறைய அடுக்கு. இந்த நிறத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஒடித்து, கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். கேட்டா ஒடித்தேன்? கேட்கவில்லை. கேட்டால் அவர்களும் வெந்நீர் வைத்திருப்பார்கள்.

மதியம்: உயிருள்ள கிளையாகத் தேடி வெட்டினேன். மேல் பக்கம் மட்டும் கொஞ்சம் பச்சை. கணுவுக்குக் கீழே சாய்த்து வெட்டு. இலையெல்லாம் கிள்ளி நுனியில் மட்டும் விட்டேன். கற்றாழைச் சாற்றில் முக்கி, மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த பையில் நட்டு, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். இப்படித்தான் நடவேண்டும். இதைச் சரியாக யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஜூலை 14, திங்கள்

கரண்ட் இல்லை. காற்று ஓயவில்லை. யாரோ ஒருவர் வீட்டுத் தகரம் ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டது.

பைகளைத் தொடவில்லை. தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். கவரைத் தூக்கி முகர்ந்து பார்க்கிறேன். பூஞ்சை வாசம் வருகிற மாதிரி இருக்கிறது. வரவில்லை என்றும் இருக்கிறது.

ரு. பால் வாங்க வெளியே வந்தவள், "செடி ஏனுங்க்கா வாடுது?" என்றாள்.

"ஒண்ணுமில்லீங்க, இலை மாத்துது" என்றேன். கதவைச் சாத்தினேன்.

ஜூலை 19, சனி

எல்லாக் குச்சியும் போயிற்று. சிலது கறுப்பு, சிலது உள்ளே பஞ்சு. நோய்ப்பட்ட செடியிலிருந்து எடுத்தால் அப்படித்தான். தெரியும். தெரிந்தும் நட்டேன்.

வெளியில் தேடினேன்:
– தொண்டாமுத்தூர் ரோட்டு நர்சரிகள் எல்லாம். "சந்தன அடுக்குங்களா? மஞ்சள் இருக்குதுங்க, ரோஸ் இருக்குதுங்க" என்கிறார்கள். ஒருவன் ஆரஞ்சைக் காட்டி இதுதான் அது என்று சாதித்தான். முட்டாள்.
– மேட்டுப்பாளையம், பஸ்ஸில். அந்த மண்டப வாசலில் இப்போது கார் நிறுத்தும் இடம். தரையெல்லாம் கல் பாவியிருக்கிறது.
– தங்கச்சிக்குப் போன். ஒரு நப்பாசை. "அது அப்பவே கருகிப்போச்சுக்கா. நீயும் எத்தன தடவதான் குடுப்பே பாவம்" என்றாள். பாவமாம் நான்.

இனி யாரிடம் கேட்பது? யாரிடமும் இருக்காது. நானே பார்த்துக்கொண்டேன், இருக்காதபடி.

ஜூலை 26, சனி

இவர் கடப்பாரை வாங்கி வந்து செடியைப் பிடுங்கினார். இழுத்தவுடன் வந்துவிட்டது. வேர் என்று ஒன்றும் இல்லை. "உடுங்க அம்மணி, வேற வெச்சுக்கலாம்" என்றார். இவர் வாயிலிருந்து எனக்கும் 'ங்க' வந்தால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம்.

குழம்பில் உப்புப் போட மறந்தேன். இவரும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஜூலை 31, வியாழன்

யாரும் வரவில்லை. பேபி ஜாக்கெட்டை இவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மாடி வீட்டம்மா கேட்டைத் தாண்டிப் போனாள், நின்று பார்க்க ஒன்றும் இல்லை, நிற்கவில்லை.

இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். குச்சி கேட்க வருவார்கள். நான் அலுத்துக்கொள்வேன். ஆனால் வருவார்கள். அந்தச் செடி இல்லாவிட்டால் என் வாசலில் வந்து நிற்க இந்தத் தெருவில் ஒருத்திக்கும் காரணம் கிடையாது. என்னிடம் இருந்த ஒன்று, அவர்களிடம் இல்லாத ஒன்று, அது ஒன்றுதான். அதுவும் போயிற்று.

எரிச்சல். எல்லார் மேலும். அந்த மெஷின்காரன் விளங்கமாட்டான்.

ஆகஸ்ட் 2, சனி

ரு.வின் மாமியார் தவறிவிட்டார். படுக்கையில் கிடந்தவர், எதிர்பார்த்ததுதான். கல்யாணத்துக்கு அழைக்காததை மனதில் வைத்து எழவுக்குப் போகாமல் இருக்க முடியாது. அதற்கு அழைப்பு இல்லை. போனேன்.

ரு. கட்டிப் பிடித்து அழுதாள். "வந்தீங்ளாக்கா, வந்தீங்ளாக்கா" என்று. நானும் முதுகில் தட்டினேன். தட்டவேண்டும். பேபி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

எடுத்துக்கொண்டு போனபின், பெண்கள் கால் கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனார்கள். நானும் போனேன். அந்த வீட்டின் பின்பக்கத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மதில் நெடுக. ஒன்றல்ல, வரிசையாக. ஆள் உயரத்துக்கு மேல். சந்தன நிறம், நடுவில் அரக்குச் சிவப்பு. காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன. என் செடியில் ஒரு நாளும் அவ்வளவு பூ பூத்ததில்லை.

காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, நின்றேன். குழாயை பேபிதான் மூடினாள்.

"இது எப்படிங்க வந்துது?" என்றேன். எழவு வீடு. குரல் உயரக்கூடாது.

பேபி சுற்றுமுற்றும் பார்த்தாள். "ரொம்ப வருசமா இருக்குதுங்க்கா. எங்கூட்டுலயும் பின்னாடி இருக்குதுங்க. மாடி ஊட்டுல மொட்டமாடில. எல்லாரு ஊட்டுலயும்."

"ஆரு குடுத்தா?"

"மாமாதானுங்க. வருசா வருசம் கவாத்துப் பண்ணுனா சாக்குல கொண்டாந்து குடுத்துருவாருங்க. கோவிச்சுக்காதீங்க்கா. முன்னாடி வெச்சா உங்களுக்கு மனசு சங்கடமாயிரும், பின்னாடி வெச்சுக்கங்கன்னு அவருதானுங்க சொன்னாரு."

"அப்புறம் எதுக்குங்க எங்கிட்ட வந்து குச்சி கேட்டீங்க?"

பேபி சேலை நுனியால் கை துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அதுவும் அவருதானுங்க. அப்பப்பப் போயி ஒரு குச்சி கேளுங்கம்மா, அவளுக்கு அது புடிக்குமுன்னு..."

கால் கழுவிவிட்டேன். சொல்லிக்கொள்ளாமல் வந்தேன். எழவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது, நல்லதாகப் போயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம். செய்து மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பரிமாறவில்லை. இவர் தானே போட்டுச் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்தார். தெரிந்துவிட்டது இவருக்கு.

நாள் முழுக்க ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்க்கிறேன். தலையைச் சாய்த்த ரு. "கை ராசி இல்லீங்க" என்றாளே. வெந்நீர்க் குச்சியை வாங்கி, ரொம்ப சந்தோசம் என்று சொல்லி, வீட்டுக்குள் போய்க் குப்பையில் போட்டுவிட்டு, பின்பக்கம் போய் அந்த வரிசைக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பாள். சிரித்திருப்பாள். சிரிக்காமல் இருந்திருந்தால் அது இன்னும் மோசம்.

செயலாளர் பெண்டாட்டியும்தானா? அவளும்தான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கேட்டுவிட்டேன். காபியைக்கூடக் கொடுக்காமல்.

"சாக்குல கட்டிட்டுப் போயி ஊரெல்லாம் குடுத்தீங்களாமா?"

"நல்ல குச்சி அம்மணி. கொளுத்த மனசு வல்ல."

"எனக்குத் தெரியாம."

"தெரிஞ்சா உடுவியா?"

"என்ன முட்டாளாக்கி, கேக்கச் சொல்லி ஆளனுப்புனீங்களாமா?"

இவர் பேப்பரை மடித்தார். மடித்ததைத் திரும்ப மடித்தார்.

"காப்பியில செம்பருத்திப் பட்ட வாசம் அடிக்கும். மொதல்ல புரியல. அப்புறம் ஒரு நா பாத்தேன், நீ முக்குறத. எத்தன வருசமா அந்தக் காப்பியக் குடிச்சிருக்கேன், ஒரு வார்த்த சொன்னனா?"

"அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

"அவங்க வந்து ஒரு குச்சி கேட்டுட்டுப் போற அன்னிக்குத்தான் நீ எங்கிட்ட நல்லாப் பேசுவே. சோறு போடறப்ப இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுமான்னு கேப்பே. மத்த நாளெல்லாம் இந்த ஊட்டுல சொவருகிட்டப் பேசறாப்பல. நானும் மனுசன்தானே அம்மணி. அதான் கேக்கச் சொல்லிப்போட்டேன்."

ஊருக்காகச் செய்தார் என்று நினைத்தேன். இரக்கப்பட்டு எனக்காகச் செய்தாரோ என்றும் நினைத்தேன். ஒரு வாய்ச் சோறு நல்லபடியாகச் சாப்பிடுவதற்காகச் செய்திருக்கிறார்.

பொய் என்று கத்தலாம். பொய் இல்லையே. ரு. வந்துபோன அன்று அப்பளம் பொரித்திருக்கிறேன். இவரைக் கேட்டு, எண்ணெய் காயவைத்து, இரண்டாம் முறைகூட.

வெறுப்பாக இருக்கிறது. இவர் மேலா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

லேசான வெயில். துணியெல்லாம் துவைத்துப் போட்டேன்.

பேபி வந்தாள். "ருக்மணியக்கா குடுத்துடச் சொன்னாங்க. தீட்டு ஊடு, அவங்க வரக்கூடாதுங்களே." ஈரச் சாக்குத் துணியில் சுற்றிய கட்டு. குச்சிகள்.

அவள் போனபின் ஒவ்வொன்றாக எடுத்து அடியை முகர்ந்தேன். நகத்தால் கீறினேன். பச்சை. ஈரம். கணுவுக்குக் கீழே சாய்த்து வெட்டியிருக்கிறாள், இலை கிள்ளியிருக்கிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு குச்சியாவது வெந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தூக்கி எறியத்தான் எடுத்துக்கொண்டு போனேன். பைகளில் நட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

இவரிடம் தேவைக்கு மட்டும் பேச்சு. "கேஸ் புக் பண்ணுங்க." "சரி." "தண்ணி வந்துருச்சுங்க." "சரி." அப்பளம் இல்லை.

தங்கச்சி போன். ரு. வீட்டுக் கதையை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வெந்நீரையும் சொல்லவேண்டும். மழை பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காற்று அடங்கிவிட்டது. குச்சிகள் துளிர்த்திருக்கின்றன. எல்லாமே. பையை லேசாக அமுக்கிப் பார்த்தேன், உள்ளே வேர் பிடித்திருக்கிறது. திறந்த இடத்துக்கு எடுத்து வாசல் ஓரம் வைத்தேன். முன்பக்கம்தான். நான் யாருக்குப் பயப்படவேண்டும்?

மாடி வீட்டுக்குக் கீழே புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் கேட்டருகே நின்றாள். சோமனூர்ப் பக்கமாம், வீட்டுக்காரர் தறிக்குப் போகிறாராம். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இந்தத் தெருக் கதை எதுவும் தெரிந்திருக்காது. தெரிந்திருக்காதா?

"ஏனுங்க்கா, இது என்ன செடிங்க? எல சோக்கா இருக்குதுங்க. பெருசானா எனக்கொரு குச்சி குடுப்பீங்ளா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். சின்னப் பெண், சிரித்த முகம், தலைகூடச் சாய்க்கவில்லை. யார் சொல்லி வந்தாய் என்ற கேள்வி நாக்கு வரை வந்தது.

"அதுக்கென்னங்க, கட்டாயம் தாறேன்" என்றுதான் வாயில் வந்தது.

உள்ளே திரும்பினேன். இவர் ஜன்னலோரம் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை. மதியம் என்ன சமையல் என்று மட்டும் கேட்டார்.